பதினைந்தாவது ஆள்

"இன்னும் ஒரே ஒரு ஆளு, கெங். பன்னெண்டு மணிக்குள்ள பதினஞ்சாவது ஆளு சேரலைன்னா கிளாஸையே தூக்கிடுவாங்க."

யாரெலி சொன்னது காதில் விழுந்தும் கெங் நிமிரவில்லை. கல்லூரி வாகன நிறுத்தத்தில் நிற்கும் டாக்கோ உணவு வண்டியில் வாங்கிய புரிட்டோ ரொட்டிச் சுருளின் தாளைப் பொறுமையாக உரித்துக்கொண்டிருந்தான். மணி பதினொன்றைத் தாண்டியும் ஜனவரிப் பனிமூட்டம் கலையவில்லை. பக்கத்து மேசையில் இருந்தவர்கள் வெறும் குரல்களாகத்தான் இருந்தார்கள்.

"தூக்கட்டுமே. வெள்ளிக்கிழமை காலங்காத்தால, இந்தப் பனியில, கம்ப்யூட்டரோட குடலை உருவிப் பாக்க எவன் வருவான்?"

"நீ வருவ."

"நான் ஏசி மெக்கானிக் படிப்பு படிக்கிறவன் தாயே. போன வருஷம் உன் பேச்சைக் கேட்டு ப்ரோகிராமிங் கிளாஸ்ல வந்து உக்காந்தேன். ஒரே ஒரு கமா எங்க விட்டுப்போச்சுன்னு தேடியே எனக்குப் பாதி முடி கொட்டிடுச்சு."

யாரெலிக்குச் சிரிப்பு வந்தது. கவலை மட்டும் போகவில்லை. இந்தச் சமுதாயக் கல்லூரியில் இரண்டு வருடம் படித்துவிட்டு, மூன்றாம் வருடத்துக்குப் பல்கலைக்கழகம் போவதுதான் அவள் திட்டம். அங்கே இடம் தருவதாகவும் சொல்லிவிட்டார்கள். ஆனால் இந்த ஒரு பாடத்தையும் முடித்துவிட்டு வர வேண்டும். வருடத்துக்கு ஒரு தடவைதான் அது நடக்கும். இன்று ரத்தானால் அந்த இடம் போயிற்று. இன்னொரு வருடம் இதே மேசை, இதே பனி.

"அதுல என்ன இருக்குன்னு தெரிஞ்சா இப்படிப் பேசமாட்டடா. அந்த வண்டியப் பாரு."

"பனியில வண்டியே தெரியலையே."

"கண்ண மூடிக்கிட்டு நினைச்சுப் பாரு. உள்ள சமைக்கிற சொக்கோரோ அக்கா கைக்குப் பக்கத்துல குட்டியா ஒரு பலகை இருக்கும். நாலஞ்சு கிண்ணம் வைக்கலாம், அவ்வளவுதான். மிச்சமெல்லாம் பின்னாடி ஃப்ரிட்ஜுல. வெங்காயம் வேணும்னா அங்கேருந்து எடுத்துப் பலகைக்குக் கொண்டுவந்தாதான் நறுக்க முடியும். நறுக்கினதைத் திரும்ப உள்ள வெச்சாதான் அடுத்ததுக்கு இடம். கம்ப்யூட்டரும் அப்படித்தான். மெமரிங்கிறது ஃப்ரிட்ஜ். கணக்குப் போடற இடம் அந்தக் குட்டிப் பலகை."

கெங் ஒரு வாய் மென்றான். "அப்ப ஃப்ரிட்ஜுக்கும் பலகைக்கும் நடந்தே பாதி நேரம் போயிடுமே?"

யாரெலி நாற்காலியை இழுத்துப் போட்டு நெருங்கி உட்கார்ந்தாள். "அதேதான். எதைக் கைப்பக்கத்துலயே வெச்சுக்கணும், எதைத் திருப்பி அனுப்பணும்னு தெரிஞ்சவன் எழுதுற ப்ரோகிராம்தான் பறக்கும். மத்தபடி அதுக்குப் பெரிய அறிவெல்லாம் கிடையாது. எடு, வை, கூட்டு, இது பெருசா அது பெருசான்னு பாரு, வேற வரிக்குத் தாவு. இந்த அஞ்சாறு வேலைய வெச்சுக்கிட்டுதான் நீ விடிய விடிய ஆடற கேமெல்லாம் ஓடுது."

"தாவவும் தெரியுமா? அப்ப உனக்கேத்த ஜோடிதான். நீயும் எப்படா இங்கேருந்து தாவலாம்னு இருக்க."

"நான் போறது உனக்குக் கேலியா இருக்கா?"

"சே, இல்ல. நீ மேல சொல்லு. பலகை நிறைஞ்சு கிடக்கு, அந்த நேரம் பாத்து அவசர ஆர்டர் ஒண்ணு வருது. அக்கா என்ன பண்ணுவாங்க?"

நல்ல கேள்வி. யாரெலியால் விட முடியவில்லை. பாதியில் நிற்கிற வேலையை ஒரு தட்டில் போட்டு, அதன் மேல் இன்னொரு தட்டை அடுக்கி, புதிய வேலையை முடித்துவிட்டு, மேல் தட்டிலிருந்து ஒவ்வொன்றாகத் திரும்ப எடுப்பதை அவனுடைய சட்னிக் கிண்ணங்களை அடுக்கியே காட்டினாள். கெங் கன்னத்தில் கைவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தான். கிண்ணங்களை இறக்கி வைத்தபோதுதான் அவளுக்குக் கைக்கடிகாரம் கண்ணில் பட்டது. இன்னும் பத்தே நிமிடம்.

"அடப்பாவி. கேள்வி கேட்டே நேரத்த ஓட்டிட்டியே. இனிமே நான் யாரைப் போய்ப் புடிப்பேன்? கால்பந்து டீமோட கோல்கீப்பரைச் சேத்தாச்சு. லைப்ரரி அம்மாவோட வீட்டுக்காரரைச் சேத்தாச்சு. பழைய சண்டையெல்லாம் மறந்து ருடேசிந்தோகிட்டக்கூடக் கெஞ்சிட்டேன்."

"உன் பழைய ஆளுகிட்டயுமா? உன் குரலைக் கேட்டாலே காது வலிக்குதுன்னு சொல்லிட்டுத்தானே அவன் ஓடினான்?"

"வலிச்சாலும் பரவாயில்லைன்னு சேந்துட்டான்ல. நீதான் அசைய மாட்டேங்குற." அவள் குரல் உடைந்தது. "ப்ளீஸ்டா. நான் கேக்கறது இதான் கடைசி."

கெங் கையைத் துடைத்துக்கொண்டான். அவன் முகத்தில் இருந்த கேலி கொஞ்சம் இறங்கியது.

"சரி, அழாத. எங்க அழுத்தணும்? உன் போன்ல காட்டு."

யாரெலி அவசரமாகக் கல்லூரித் தளத்தில் தன் பக்கத்தைத் திறந்து, போனை அவன் பக்கம் திருப்பினாள்.

"இதோ என் அட்டவணை. வெள்ளிக்கிழமைக் கட்டத்துல கிளாஸ் இருக்கு பாரு, முதல் நாளே இழுத்துப் போட்டுட்டேன். அதுக்குக் கீழ நீலமா 'பதிவு செய்'னு ஒரு பட்டன் தெரியுதுல்ல? உன் போன்லயும் அதே இடத்துல இருக்கும். அதை ஒரு தடவை அழுத்தினாப் போதும்."

கெங் அந்தத் திரையையே சற்று நேரம் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

"போன மாசம் நான் அதை அழுத்தினதும், பட்டன் அப்பவே மறைஞ்சு போச்சு, யாரெலி. ஏற்கெனவே சேந்த பதினாலு பேர்ல நானும் ஒருத்தன். உனக்கு மட்டும் ஏன் அது இன்னும் இருக்கு?"