ஆணி நாற்பத்திரண்டு கிலோ

"கல்லா அண்ணே, ஒயரைப் புடுங்கினது நீங்கதானே? மறைக்காம சொல்லுங்க."

ஹார்டுவேர் கடையில் அத்தனை பேர் முன்னாலும் டாக்டர் இப்படிக் கேட்டதும், கல்லாவில் இருந்தவருக்கு முகம் சுண்டிப்போனது.

டாக்டர் என்றால் ஊசி போடுகிறவர் இல்லை. 'கம்ப்யூட்டர் டாக்டர்' என்று தனக்குத்தானே கார்டு அடித்துக்கொண்டவர். கடையின் இரண்டு தராசையும் கம்ப்யூட்டரோடு இணைத்துக் கொடுத்த மகராசன் இவர்தான்.

பெரிய தராசு கம்பிக்கட்டுக்கு, சின்னது ஆணிக்கும் திருகுக்கும். இந்த வாரம் வந்த வினை, சில நாள் கம்ப்யூட்டரைப் போட்டால் இதன் எடை அதில், அதன் எடை இதில். இன்று காலை ஒரு அம்மா படம் மாட்ட நூறு கிராம் ஆணி கேட்டார். பில்லில் நாற்பத்திரண்டு கிலோ! பெரிய தராசில் கிடந்த கம்பிக்கட்டின் எடை.

"சத்தியமா நான் தொடலை தம்பி. போனுக்கு சார்ஜ் போடறதோட சரி."

"அதேதான்! சார்ஜ் போடறேன்னு ஒயரைப் புடுங்கி மாத்திச் சொருகறீங்க. முதலாளி, ஒரு வருஷமா ஒரு குறை உண்டா? என் வேலையில கோளாறுன்னா அன்னைக்கே வந்திருக்காதா?"

முதலாளிக்கு இந்த வாதம் பிடித்துவிட்டது. கல்லா பக்கம் திரும்பினார்.

"நாளைக்கும் மாறிச்சுன்னா நீங்க வேற இடம் பார்த்துக்கங்க."

சாயங்காலம் டாக்டரின் மனைவி போன் செய்தாள். அக்காவுக்குப் பிரசவம் என்று ஒரு வாரமாக அங்கே இருக்கிறாள். முன்பு டாக்டர் வேலை பார்த்த ஆபீஸில் அவருக்கு மேலதிகாரியாக இருந்தவள். அதை டாக்டர் வெளியில் சொல்லிக்கொள்வதில்லை.

துப்பறிந்த கதையை அவர் பெருமையாக அவிழ்த்துவிட, அவள் கேட்டாள்: "ரெண்டுக்கும் ஒரே மாதிரி யு.எஸ்.பி. ஒயர்தானே? முதல் நம்பர் பெரிய தராசு, அடுத்த நம்பர் சின்னதுன்னா புரோகிராம்ல எழுதி வச்சிருக்கீங்க?"

"பின்ன, நிறத்தைப் பார்த்தா எழுதுவாங்க?"

"அந்த நம்பர் நிலையா நிக்காதுங்க. கம்ப்யூட்டரைப் போட்டதும் எந்த ஒயர் முதல்ல முழிச்சுக்குதோ, அதுக்குத்தான் முதல் நம்பர். இன்னைக்கு இது, நாளைக்கு அது. எந்த ஓட்டையில சொருகியிருக்குன்னு பார்த்து எழுதணும்."

'உனக்கென்ன தெரியும்' என்பது நாக்கு நுனி வரை வந்தது. அவளுக்கு எல்லாம் தெரியும் என்பதும் கூடவே ஞாபகம் வந்ததால் விழுங்கிக்கொண்டார்.

"சரி விடு. காலையில போய்ச் சத்தமில்லாம சரி பண்ணிடறேன்."

"சத்தமில்லாமயா? மிரட்டினதும் திருந்திட்டார்னு அந்த அண்ணன் தலையில பழி நின்னுடாதா? எல்லார் முன்னாடியும்தானே கேட்டீங்க? எல்லார் முன்னாடியும் சொல்லுங்க."

மறுநாள், தான் மாட்டிய மெஷின் தப்பாக ஓட வேண்டுமே என்று வாழ்க்கையில் முதல் முறையாக வேண்டிக்கொண்டு டாக்டர் கடைக்குப் போனார்.

பாழாய்ப்போன மெஷின் சரியாக ஓடிக்கொண்டிருந்தது.

"பார்த்தீங்களா?" முதலாளி மார்தட்டினார். "ஒரு அதட்டு போட்டேன், சரியாயிடுச்சு!"

கல்லா அண்ணன் நிமிரவே இல்லை. டாக்டர் அப்படியே நழுவியிருக்கலாம். கால் வாசல் வரை போகவும் செய்தது. மனசு கேட்கவில்லை.

"முதலாளி, ஒரு நிமிஷம்."

கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டார். சரியாக வந்தது. மறுபடி அணைத்துப் போட்டார். அப்போதும் சரி. வேண்டாதபோதெல்லாம் மானத்தை வாங்கியது, வேண்டும்போது உத்தமனாக உட்கார்ந்திருந்தது. வியர்த்துக் கொட்ட இன்னொரு தடவை போட்டார். சின்னத் தராசில் திருகைப் போட, எடை பெரிய தராசின் கட்டத்தில் வந்து நின்றது.

"வந்துடுச்சு! தப்பா வந்துடுச்சு!" டாக்டர் குதித்தார். சாமான் வாங்க வந்தவர்கள், ஆளுக்கு மூளை பிசகிவிட்டதோ என்று பார்த்தார்கள்.

"யாரும் ஒயரைத் தொடலை, பார்த்தீங்கல்ல? தப்பு என்னோடது. அண்ணே, நாக்கூசாம உங்க மேல பழி போட்டுட்டேன். மன்னிச்சிடுங்க."

அண்ணன் உடனே பரவாயில்லை என்று சொல்லிவிடவில்லை. "நேத்து வீட்டுல சாப்பாடு இறங்கலை தம்பி" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி, வேலையைப் பாருங்க" என்றார்.

டாக்டர் உட்கார்ந்து, நம்பரைத் தூக்கிவிட்டு ஓட்டையைப் பார்த்து எழுதினார். அதற்கப்புறம் எத்தனை தடவை அணைத்துப் போட்டாலும் தராசு மாறவில்லை.

முதலாளி தாடையைச் சொறிந்தார். "எல்லாம் சரி தம்பி. கோளாறு மொதல்லேருந்தே இருந்துச்சுன்னா, ஒரு வருஷம் எப்படி ஒழுங்கா ஓடிச்சு?"

டாக்டர் மனைவிக்குப் போன் போட்டார். முதலாளியும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரையும் போட்டுத் தொலைத்தார்.

"அதுவா..." அவள் தயங்கினாள். "காலையில கடை திறந்ததும், நீங்க தூங்கிட்டிருக்கப்ப நம்ம வீட்டுலேருந்தே அந்தக் கம்ப்யூட்டருக்குள்ள போய்ப் பார்த்துடுவேன். நம்பர் மாறியிருந்தா மாத்தி வச்சிடுவேன். அக்கா வீட்டுல நெட் இல்லீங்க, அதான் இந்த வாரம் முடியலை."

டாக்டர் போனைப் பார்த்து அலறினார்.

"அடிப்பாவி! ஒரேயடியா சரி பண்ணித் தொலைச்சிருக்கலாமே!"

"பண்ணியிருக்கலாம்தான். உங்களுக்குத் தெரிஞ்சுபோயிடுமே!"