கட்டுப்படியாகாத வலி

“வலி பத்துக்கு எத்தனை ஐயா?”

“ஆறு.”

“ரெண்டு வாரமா அதே ஆறா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. மூணு இருக்குமா?”

“ஆறுக்குக் கீழே கட்டுப்படியாகாதும்மா.”

பிசியோதெரபிஸ்ட் பெண் சிரித்துவிட்டாள். ஜவுளிக்கடையை விற்றுவிட்டு ஓய்ந்திருக்கும் பெரியவர், கழுத்துவலிக்குக்கூட விலை சொல்கிறார். வலி மூன்றுக்கு இறங்கிவிட்டால் சிகிச்சை முடிந்தது, மறுநாளிலிருந்து வரவேண்டாம் என்பது அங்கே வழக்கம்.

“வீட்டுல பயிற்சி செய்யும்போது யாராவது கூட இருந்து பாக்குறாங்களா?”

“நிலைக்கண்ணாடி பாக்குது.”

“உங்க பொண்ணு?”

“அவ வெளிநாட்டுல. போன்லதான் ஒத்தடம்.”

“சரி, கழுத்தை இடது பக்கம் திருப்புங்க.”

கால்வாசி திருப்பியவர், “ஸ்ஸ்... அவ்வளவுதாம்மா, பூட்டிக்கிச்சு” என்று முகத்தைச் சுளித்தார்.

அந்த நேரம் பார்த்து இடப்பக்க வாசலிலிருந்து ஒரு பெண்குரல் கேட்டது.

“அப்பா!”

வெடுக்கென்று கழுத்து தோள்வரை திரும்பியது. முகம் பளிச்சென்று மலர்ந்தது.

வந்தவள், அடுத்த கட்டிலில் இடுப்பு வலியோடு படுத்திருந்தவரிடம் போய் உட்கார்ந்தாள்.

பெரியவர் முகத்தை மெல்ல நேராக்கினார். பிறகுதான் நினைவு வந்து கழுத்தைப் பிடித்துக்கொண்டார். பிசியோதெரபிஸ்ட் பெண் தன்னையே பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்ததும் கையை எடுத்துவிட்டார்.

“மூணுன்னே போட்டுக்கோம்மா.”

“எட்டு போட்டுட்டேன் ஐயா. நாளைக்கும் வந்துடுங்க.”

ஆயுசெல்லாம் பேரம் பேசியவர், அன்றைக்கு மறுபேச்சுப் பேசவில்லை.