ஆடு சொன்னால் சரி

“எல்லாரும் வந்தாச்சா? அப்புறம் நான் பார்க்கல, நீ பார்க்கலன்னு யாரும் பேசக் கூடாது,” என்றார் மாமா.

வந்திருந்தவர்கள் ஐவர். மைதானத்துப் புல்லை நாற்பது வருடமாகப் பேணி வரும் மாமா. அவருடைய மாப்பிள்ளை, விளையாட்டுக் கிளப்பின் செயலாளரும் அவரே. பெண்கள் கால்பந்து அணியின் கோல்கீப்பர். செயற்கைப் புல் கம்பெனியின் விற்பனையாளர். பக்கத்துத் தெருவில் ஆடு வளர்க்கும் அக்கா. அக்கா கயிற்றில் பிடித்திருந்த ஆட்டையும் சேர்த்தால் ஆறு. வேறு யாரும் இல்லை. தாங்களும் இருந்ததாகச் சொல்பவர்களை நம்ப வேண்டாம்.

மாப்பிள்ளையின் சட்டைப் பையில் ஒரு கடிதம் இருந்தது. அதில் அவர் கையெழுத்துப் போட்டால் போதும், அடுத்த வாரமே புல்லைச் சுரண்டி எடுத்துவிட்டு மைதானம் முழுக்க பிளாஸ்டிக் புல் விரித்துவிடுவார்கள். அப்படி நடந்தால் மைதானத்துச் சாவியைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, இனி மகள் வீட்டுப் படியை மிதிப்பதில்லை என்று மாமா சொல்லிவிட்டார். “அப்பா வராத வீட்டுல எனக்கு என்ன வேலை?” என்று மாப்பிள்ளையின் மனைவி காலையிலேயே பெட்டியைத் தூசி தட்டி வைத்துவிட்டாள்.

கோல்கீப்பர்தான் முதலில் வாயைத் திறந்தாள். “ஐயா, மழை பெஞ்சா கோல் முன்னாடி ஒரே சேறு. போன மேட்ச்ல பந்துன்னு நினைச்சுப் பாய்ஞ்சு ஒரு தவளையைப் பிடிச்சேன். பந்து உள்ள போயிடுச்சு.”

“தவளை உள்ள போகலையே! நல்லாத்தானே பிடிச்சிருக்க?” என்றார் மாமா.

விற்பனையாளர் சிரித்துக்கொண்டே ஒரு சதுரப் புல்விரிப்பைத் தரையில் விரித்தார். “எங்க புல்லுல சேறே வராது சார். தண்ணி ஊத்த வேண்டாம், வெட்ட வேண்டாம். வருஷம் பூரா ஒரே பச்சை.”

“வெயில்ல இதுமேல சறுக்கி விழுந்தா முழங்கால் தோலை இதுவே வச்சுக்கும். அதுக்கு ரசீது ஏதாவது கொடுப்பீங்களா?” என்று கேட்டார் மாமா.

“அதெல்லாம் பழைய மாடல் சார். உங்களுக்கு எழுபதுன்னு சொன்னாங்க, நம்பவே முடியல. இளவட்டம் மாதிரி இருக்கீங்க.”

“பரம்பரை, தம்பி. எங்க வீட்டுல எல்லாமே அசல்.”

இதைச் சொல்லும்போது மாமா விறைத்து நின்றார். எப்போதும் அப்படித்தான். தலை குனியாத குடும்பம் என்று பெயர். சாவி கீழே விழுந்தால்கூடக் குனியமாட்டார். நிமிர்ந்தபடியே முழங்காலை மடித்து உட்கார்ந்து எடுப்பார். பலத்த காற்றடிக்கும் நாளில் புல் வெட்ட வரவே மாட்டார். காற்றில் வெட்டினால் புல்லுக்கு வலிக்கும் என்பார். இத்தனை ரோஷமும் இரக்கமும் ஒரே ஆளிடம் இருப்பதை நினைத்து மாப்பிள்ளைக்குப் பெருமையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

“ரெண்டையும் பக்கத்துல வச்சா யாராலயும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது சார்,” என்றார் விற்பனையாளர்.

“யாராலயும்?”

“யாராலயும்.”

“அதுக்குத்தான் ஆட்டை வரச் சொன்னேன். என் புல்லை இது ஒன்பது தடவை திருட்டுத்தனமா மேஞ்சிருக்கு. இதைவிட விஷயம் தெரிஞ்ச ஆள் இந்த வட்டாரத்துல இல்ல. மாப்பிள்ளை, ஆடு பிளாஸ்டிக்ல வாய் வச்சு மென்னுடுச்சுன்னா நீங்க கையெழுத்துப் போடுங்க. நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன். ஆடு சொன்னா சரி.”

மாப்பிள்ளை பதறினார். “மாமா, இது எதையும் திங்கும்! போன மாசம் நம்ம கார்னர் கொடியையே பாதி தின்னுச்சு.”

“அது பருத்தி, மாப்பிள்ளை. அசல்.”

அக்கா கயிற்றை விட்டாள். ஆடு நேராக பிளாஸ்டிக் விரிப்புக்குத்தான் போனது. மாப்பிள்ளையின் கண்ணில் மனைவியின் பெட்டி வந்து போனது. ஆடு முகர்ந்தது, தும்மியது, ஒரு கடி கடித்தது, துப்பியது. பிறகு விரிப்பைத் தாண்டிப் போய், மாமாவின் புல்லில் முகம் புதைத்து மேய ஆரம்பித்தது.

மாப்பிள்ளை கடிதத்தை நாலாகக் கிழித்தார். விற்பனையாளர் விரிப்பைச் சுருட்டினார்.

“அப்ப சேறு?” என்றாள் கோல்கீப்பர்.

“நாளைக்கே அந்த இடத்தைக் கொத்தி, மணல் கலந்து, புதுசா புல் நடுறேன். தவளையை வேற வீடு பார்க்கச் சொல்லும்மா.”

“தீர்ப்பு சொன்ன பிள்ளைக்கு ஒரு நன்றி இல்லையாண்ணே?” என்று அக்கா ஆட்டை மாமாவின் முன்னால் இழுத்து வந்து நிறுத்தினாள்.

மாமா நெகிழ்ந்துபோயிருந்தார். “எங்க குடும்பத்துல யாரும் யாருக்கும் தலை குனிஞ்சதில்ல. ஆனா எது அசல், எது போலின்னு தெரிஞ்ச வாய்க்குக் குனிஞ்சா தப்பில்ல,” என்று சொல்லி, கைகூப்பி, வாழ்க்கையில் முதல் தடவையாக நன்றாகவே தலை குனிந்தார்.

அடுத்து நடந்ததைப் பற்றித்தான் தெருவெல்லாம் பேச்சு. மாமாவின் தலையிலிருந்த விக்கை ஆடு தின்றுவிட்டதாம். சுத்தப் பொய். ஐந்து பேரும் கண்ணால் பார்த்தார்கள்: ஆடு அதை முகர்ந்தது, தும்மியது, ஒரு கடி கடித்தது, துப்பிவிட்டுப் புல்லுக்கே திரும்பிப் போய்விட்டது.