பதினோரு தழும்பு

"தழும்பு மட்டும் வேணாம்ய்யா கூத்தையா. மத்ததெல்லாம் இருக்கிறபடி போடு" என்றாள் பஞ்சம்மாள்.

கூத்தையா பென்சிலைக் கீழே வைத்தான்.

"அத்தை, என்னையப் பொய் சொல்லச் சொல்றீக."

"பொய்யா? படந்தானய்யா போடச் சொன்னேன்."

திருவாடானையில் ஒரு மாப்பிள்ளை. ஆள் திரட்டி வருவதற்கு முன்னால் பெண்ணின் முகச் சாடை தெரிந்தால் தேவலை என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். கல்யாணமாகாத பெண்ணைப் போட்டா பிடித்தால் ஆயுசு குறையும் என்று பஞ்சம்மாளுக்குப் பயம். கையால் வரைந்தால் குறையாதாம். அண்ணன் மகன் மதுரையில் சித்திரப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்திருக்கும்போது வேறு ஆளை ஏன் தேட வேண்டும்?

கூத்தையா தை மாதம்தான் சேர்ந்தான். மாசிக் களரிக்குக் குலசாமி கும்பிட ஊர் வந்திருந்தான். அந்த நாற்பது நாளில் அவன் வரைந்தது ஒரு செம்பும் இரண்டு கத்தரிக்காயும். ஆனால் தலையில் நடு வகிடும், வாயில் 'கலை' என்ற சொல்லும் அதற்குள் வந்துவிட்டன.

பஞ்சம்மாளின் மகள் ராக்கு மிளகாய் மூட்டை மேல் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். ஏழு வயதில் அவளுக்கு அம்மை போட்டது. பிழைத்ததே பெரிது.

கூத்தையாவுக்கு இன்னொரு வேலையும் கிடந்தது. புதிதாகச் சேர்ந்த எல்லோரும் ஒரு பக்கம் எழுதி வர வேண்டுமென்று வாத்தியார் சொல்லியிருந்தார். ஏன் வரைய வந்தாய், உன் பலம் என்ன, லட்சியம் என்ன? மூன்று நாளாகத் தாளும் கையுமாக அலைந்துகொண்டிருந்தான்.

களத்தில் மிளகாய் வத்தலைக் கிளறிக்கொண்டிருந்த அவன் அய்யா தங்கசாமி கேட்டார்.

"ஏலே, பலம்னு என்ன எழுதின?"

"போன எலெக்சனுக்குச் சுவத்துல ரெட்டைக் காளை வரைஞ்சேன்ல, அதை எழுதியிருக்கேன்."

"அதைப் பார்த்துட்டுப் பாதிப் பேரு, கழுதைக்கா ஓட்டுப் போடணும்னு கேட்டான். அதையும் சேர்த்து எழுது."

"இந்த ஊருல கலையைப் பத்தி யாருகிட்டப் பேசுறது" என்று கூத்தையா முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

பஞ்சம்மாள் விடவில்லை.

"இது நாலாவது இடம்ய்யா. மூணு கூட்டம் வந்து மூஞ்சியப் பார்த்துட்டுக் காப்பியக்கூடத் தொடாம எந்திரிச்சுப் போயிருச்சு."

"நேர்ல வந்தா இவுகளுக்கும் தெரியத்தானே போகுது?"

"வந்து ஒரு நாழி உட்கார்ந்து அவ பேச்சு, அவ பாங்கு எல்லாம் பார்த்தா மனசு மாறும். இந்தப் படத்தைக் கண்டா வரவே மாட்டாக. அதுக்குத்தான் கெஞ்சுறேன்."

"கலையில கெஞ்சல் செல்லாது அத்தை."

பஞ்சம்மாளுக்குச் சுருக்கென்றது.

"முறைக்காரன் நீ கட்டியிருந்தா இந்தப் படமே வேணாமே. கார்த்திகையில வெத்தலை பாக்கோட வந்து கேட்டேன். சித்திரம் படிக்கப் போறேன், அஞ்சு வருசத்துக்குக் கல்யாணப் பேச்சே கூடாதுன்னுட்ட. ஒரு சொல்லு எதுத்துச் சொன்னேனா?"

"அது லட்சியம் அத்தை."

"ஒன் லட்சியத்துக்கு என் மக வழி விட்டாள்ல. அவளுக்காக நீ பதினோரு புள்ளிய விட மாட்டியா?"

"மாட்டேன். கலைஞன் உள்ளதை உள்ளபடிதான் காட்டணும்."

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று அவனுக்கே பட்டது. உடனே தாளை எடுத்து லட்சியம் என்ற இடத்தில் எழுதிக்கொண்டான். மூன்று நாளாக வராதது ஒரு நொடியில் வந்துவிட்டது.

அந்தச் சந்தோஷத்தோடு வரைய உட்கார்ந்தான். நெற்றியில் மூன்று, இடது கன்னத்தில் ஐந்து, மூக்கு நுனியில் ஒன்று, மோவாயில் இரண்டு. கண்ணும் வாயும் ஒரு மாதிரிதான் வந்தன. தழும்புகள் அச்சாக விழுந்திருந்தன.

படத்தைப் பார்த்த பஞ்சம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, அண்ணனிடம் முறையிடக் களத்துப் பக்கம் நடந்தாள்.

ராக்கு எழுந்து வந்து படத்தை வாங்கிப் பார்த்தாள்.

"கணக்குச் சரியா இருக்கு மச்சான். மூக்கு நுனியில ஒண்ணு கிடக்கறது எனக்கே மறந்து போச்சு."

"கோவமா?"

"எனக்கென்ன கோவம்? இதையே அனுப்பச் சொல்றேன். பார்த்துட்டு வாரவன் வரட்டும். வராதவனுக்கு எங்கம்மா காப்பி போட வேண்டியதில்லை."

கூத்தையாவுக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

"இந்த ஊருல கலையைப் புரிஞ்சவ நீ ஒருத்திதான் ராக்கு."

ராக்கு அஞ்சாம் வகுப்போடு நின்றவள். பக்கத்தில் கிடந்த தாளை எடுத்து எழுத்துக் கூட்டி வாசித்தாள்.

"லட்சியம் நல்லாத்தான் இருக்கு. 'ஏன் வரைய வந்தேன்'ங்கறதுக்கு என்னத்தையோ எழுதி எழுதி அடிச்சிருக்கீக?"

"கலைத்தாய் அழைத்தாள்னு எழுதினேன். சரியா அமையலை. அது ஒண்ணுதான் பாக்கி. என்ன எழுதலாம், நீ சொல்லேன்."

"நீங்க சொன்னதையே எழுதுங்க."

"நான் என்ன சொன்னேன்?"

"கார்த்திகையில நாங்க வந்தன்னிக்கு நான் உங்க கொல்லையில கை கழுவிக்கிட்டிருந்தேன். அடுப்படியில அத்தைகிட்ட நீங்க பேசினது கேட்டுச்சு."

ராக்கு தாளை அவன் முன்னால் விரித்து வைத்தாள்.

"'இந்தப் புள்ளி மூஞ்சிய என் தலையில கட்டிருவாக. அதுக்குள்ள என்னை மதுரையில ஏதாச்சும் படிப்புல சேர்த்து விடும்மா. தையலோ, சித்திரமோ, எதுன்னாலும் சரி'ன்னீக. எழுதிக்கிருங்க மச்சான்."