ஒற்றை விரல் வணக்கம்

எதிரே வந்த லாரிக்காரன் ஸ்டியரிங்கை விடாமலே ஒற்றை விரலைத் தூக்கிக் காட்டினான். டிரெவரும் ஒற்றை விரலைத் தூக்கினான். முகத்தில் பெருமை தாங்கவில்லை.

ஆஸ்திரேலியாவின் ஃபிளிண்டர்ஸ் மலைப் பாதையில் அதுதான் வணக்கம். ஒரு விரல் போதும். கை முழுவதையும் ஆட்டினால் அடிலெய்டிலிருந்து வந்த அரைவேக்காடு என்று தெரிந்துவிடும். அடிலெய்டிலிருந்து வந்த டிரெவர் இதை வீட்டு ஷெட்டில், நின்ற வண்டியில் உட்கார்ந்து பழகிவிட்டே கிளம்பியிருந்தான்.

"பாத்தியா நோலீன்? நம்மள உள்ளூர்க்காரன்னே நெனச்சுட்டான்."

பக்கத்தில் இருந்த மனைவி ஜன்னலை விட்டுத் திரும்பவில்லை. "வெரலு இருக்கட்டும். அடுத்த ஓடைகிட்ட இன்னிக்கு ராத்திரி தங்கிடுவோம். சாயங்காலமானா மஞ்சக்கால் வாலபி தண்ணி குடிக்க எறங்கி வருமாம்."

"கங்காருவுக்குத் தங்கச்சி மாதிரி இருக்கும், அவ்ளோதான். தகவல் மையத்துல படம் மாட்டியிருந்தானே, பாக்கல?"

"உசுரோட பாக்கணும்."

கிளம்பிய நாளிலிருந்து அவள் கேட்டது இது ஒன்றுதான். ஆனால் டிரெவர் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டு மலை பார்க்கிறவன். இறங்குவான், படம் எடுப்பான், ஏறுவான். பின்னால் இழுத்து வரும் கேரவனை மாட்டுவது, கழற்றுவது, அதற்குள் சமைப்பது எல்லாம் நோலீன். இந்த மலை எப்படி உண்டாயிற்று என்று பக்கத்துக் கூடாரக்காரர்களுக்கு விளக்குவது மட்டும் டிரெவர்.

"சூரியன் விழறதுக்குள்ள மலைமேட்டுக்குப் போயாகணும். என் தம்பி எடுத்த படம் இனிமே குப்பைக்குப் போயிடும் பாரு!"

ஓடை வந்ததும் வண்டியை நிறுத்தத்தான் செய்தான். வாலபிக்காக அல்ல, கல் பாதைக்கு டயரில் காற்றைக் குறைக்க வேண்டும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

நோலீன் கதவை அறைந்து சாத்தினாள். "நான் கேரவன்ல போய்ப் படுத்துக்கறேன். நீயே பேசி நீயே கேட்டுக்க."

"ஓடுற கேரவன்ல ஆள் இருக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்கு."

"உன் பக்கத்துல ஒக்காரக் கூடாதுன்னு ஒரு சட்டம் போட்டா புண்ணியமாப் போவும்." இரண்டு வாக்கி டாக்கியில் ஒன்றை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

டிரெவர் முன்சக்கரத்தின் அருகே குனிந்திருந்தபோது பின்னால் என்னென்னவோ உருளும் சத்தம் கேட்டது. கோபம் வந்தால் அவள் பாத்திரத்தை உருட்டுவது புதிதல்ல. திரும்பிக்கூடப் பார்க்காமல் ஏறி வண்டியைக் கிளப்பினான்.

வண்டி பறந்தது. "காத்த எறக்குனதும் எப்படி இழுக்குது பாத்தியா!" என்று வாக்கி டாக்கியில் கேட்டான். பாறையின் வயது, மண்ணின் நிறம், தம்பியின் மட்டமான கேமரா என்று எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டே போனான். கல்யாணமான நாளிலிருந்து அவள் குறுக்கே பேசாமல் கேட்டது இதுதான் முதல் தடவை. திருந்திவிட்டாள் என்று நினைத்துக்கொண்டான்.

கண்ணாடியில் செம்புழுதி தவிர எதுவும் தெரியவில்லை. அந்தப் புழுதியைக் கிழித்துக்கொண்டு ஒரு வண்டி முந்தியது. அதிலிருந்தவன் ஹாரன் அடித்துப் பின்பக்கம் கையைக் காட்டினான். வழி விட்டதற்கு நன்றி சொல்கிறான் என்று டிரெவர் ஒரு விரலைத் தூக்கினான்.

அடுத்து முந்திய ஜீப்பில் ஒரு அம்மாள் பாதி உடம்பை வெளியே நீட்டி, ஒற்றை விரலைக் கொக்கி மாதிரி வளைத்து வளைத்துக் காட்டினாள். இது வேண்டியவர்களுக்கு மட்டும் வைக்கிற வணக்கம் போலிருக்கிறது என்று டிரெவருக்குப் புல்லரித்துவிட்டது. அவனும் விரலை வளைத்து வளைத்துக் காட்டினான். அந்த அம்மாள் தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டாள்.

மலைமேட்டில் பாதை போடும் ஆள் ஒருவன் தன் இயந்திரத்தின் நிழலில் உட்கார்ந்திருந்தான். டிரெவர் கேமராவோடு இறங்கி அவனுக்கும் ஒரு விரல் வைத்தான்.

"அது சரி மச்சான்," என்றான் அவன். "காலைல பார் வாசல்ல கேரவனோட நின்னியே, அத எங்க விட்ட?"

டிரெவர் திரும்பினான். புழுதி அடங்கியிருந்தது. வண்டிக்குப் பின்னால் வெறும் கொக்கி, அதற்குப் பின்னால் வெறும் பாதை.

"ஐயோ! என் பொண்டாட்டி உள்ள இருந்தா!"

கேமரா கல்லில் விழுந்தது. வந்த வழியெல்லாம் பார்த்த பள்ளங்கள் ஒவ்வொன்றும் இப்போது கண்முன் வாயைப் பிளந்து நின்றன. எதிரே மலைத்தொடர் முழுக்கச் சிவந்து கொண்டிருந்தது. அவன் ஏறிட்டும் பார்க்கவில்லை. வாக்கி டாக்கியை எடுத்துப் பொத்தானை அமுக்கினான்.

"நோலீன்! பேசு தாயி! இனிமே நீ சொன்ன எடத்துல நிறுத்தறேன், சத்தியமா நிறுத்தறேன்!" குரல் உடைந்து அழுகை வந்துவிட்டது. பாதை போடுகிறவன் தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டான்.

வாக்கி டாக்கி கரகரத்தது.

"கத்தாத. இப்பத்தான் ரெண்டு எறங்கி வந்து தண்ணி குடிக்குது. ஒண்ணு மடியில குட்டி வச்சிருக்கு."

டிரெவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. உயிர் வந்த கையோடு பழைய குரலும் வந்துவிட்டது.

"மனுசனக் கொன்னுட்டியேடி! ஒரு கொக்கிய ஒழுங்கா மாட்டத் துப்பில்ல உனக்கு? கழண்டு விழுந்திருக்கு பாரு!"

அந்தப் பக்கம் நிதானமாகத் தேநீர் உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"அதுவா கழண்டு விழல டிரெவர். நான்தான் கழட்டினேன்."