பைகளுக்குக் காவல்

அந்தமானில் எங்களுக்கு ஒரே ஒரு பகல்தான். எதையும் தவறவிடக் கூடாதென்று விடுதிக்காரர்களிடம் சொல்லி என் மனைவி அமிர்தவல்லியை நான்கு பேராக நகலெடுத்தேன். படகுக்கு ஒருத்தி, பவளப்பாறைக்கு ஒருத்தி, கடலில் குளிக்க ஒருத்தி. கரையில் பைகளைப் பார்த்துக்கொள்ளவும் ஒருத்தி வேண்டுமே! மாலையில் ஒன்றாகச் சேர்த்துவிட்டால் எல்லா நினைவும் அவளுக்கே.

நான் ஆசைதீர நீந்திவிட்டுக் கரையேறினேன். பைகளைச் சுற்றி நால்வரும் உட்கார்ந்து புளிசாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ஒருத்திகூடப் போகலையா?" என்று கத்தினேன்.

"நான் பாத்துக்கறேன், நீங்க போயிட்டு வாங்கன்னு ஆளாளுக்குச் சொன்னோம். யாரும் கேக்கல," என்றாள் ஒருத்தி.

சேர்ப்பதற்குக் கூப்பிட்டேன். எவளும் எழவில்லை.

"செத்த இருங்க. இத்தனை வருஷத்துல இன்னிக்குத்தான் பைகிட்ட ஒக்கார எனக்குப் பேச்சுத்துணை கெடச்சிருக்கு."