திரும்பிப் போகும் தூரம்

சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு எழுபது நிமிடத்தில் பறந்துவிடலாம். ஆனால் ஒருவர் ஓர் ஆண்டில் இவ்வளவு தூரம்தான் பறக்கலாம் என்பது சட்டம். துளசிகாவிடம் மீதமிருந்த தூரம் ஒரு வழிக்கு மட்டுமே போதும். மழைக்காலம் என்பதால் தை வரை கப்பலும் ஓடாது. சென்னையில் கணவனிடம் அவள் விட்டு வந்த கைக்குழந்தைக்கு நான்கு மாதம்.

அவள் திரும்புவதற்கான தூரத்தை யாழ்ப்பாண ஆஸ்பத்திரிப் படுக்கையிலிருந்து அப்பா தன் கணக்கிலிருந்து எழுதிக் கொடுத்திருந்தார். அவர் ஒருநாளும் விமானம் ஏறியதில்லை. ஆனால் கொடுத்தவர் இறந்துவிட்டால் கொடுத்த தூரமும் செல்லாது.

அவள் வந்து அரை மணி நேரத்துக்குள் அவருக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியது.

"பிள்ளை, நாலரைப் பிளேனுக்கு வெளிக்கிடு," என்றார்.

"இப்பதானே அப்பா வந்தனான். நான் இருக்கிறன்."

"நான் போயிட்டனெண்டால் தை மாசம் உனக்குப் புதுக் கணக்கு வரும் வரைக்கும் நீ இஞ்சதான். அங்க குழந்தை பாலுக்கு அழும். போ."

தம்பி கஜன் அவளைக் கீழே கூட்டிச்சென்று ஆட்டோவில் ஏற்றினான். பலாலி விமான நிலையத்தில் அவள் கைரேகை வைத்தாள். அப்பாவின் தூரம் செல்லும் என்று பச்சை விளக்கு எரிந்தது.

சென்னையில் இறங்கியதும் தம்பியை அழைத்தாள்.

"அக்கா, உங்களை ஏத்திவிட்டிட்டு நான் மேல வாறதுக்குள்ள அப்பா போயிட்டார்," என்றான் கஜன். "பிளேன் எழும்பும் மட்டும் நான் ஒருத்தரையும் கூப்பிடேல்லை. நர்ஸ் எட்டிப் பாத்தாலும் தெரியக்கூடாதெண்டு, அப்பாவின்ர கையைப் பிடிச்சுக் கதைச்சுக்கொண்டே இருந்தனான்."